முப்பத்தொன்றாவது கட்டம்

மனிதர்களின் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அடைத்து அனுப்புவதற்கும் சம்பளம் தருவார்கள் என்பது, பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவரை தெரியாது. நெசவாளர் வீடுகளைக் கணக்கெடுக்கக் காஞ்சிபுரத்தில் ஒரு தற்காலிக அலுவலகம் திறந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி. ஆறு மாத வேலை. எனக்கு ஒரு நாற்காலி, ஒரு பென்சில், வரிக்கு எண்பது கட்டமாக அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக. அந்த மாதிரித் தாளில் கண்ணைத் தேய்த்தவர்களும், ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டோமோ என்று பாதிச் சோற்றில் எழுந்து ஓடியவர்களும் எங்கேயாவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

படிக்கத் தெரியாத மெஷின்

வேலை இதுதான். குப்புசாமி என்கிற ஊழியர் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டு வருவார். நான் அதை ஒரு வீட்டுக்கு ஒரு வரியாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் தாளில் மாற்றி எழுதுவேன். மெட்ராஸில் அந்த வரியைப் பார்த்து ஓர் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டைகளை மெஷினில் கொடுத்தால், கேட்டதைப் பிரித்துத் தரும். முதல் ஐந்து கட்டம் வீட்டின் வரிசை எண், 00001-இல் தொடங்கி. அடுத்த இரண்டு தெரு. எட்டாவது கட்டத்திலிருந்து இருபது கட்டம் பெயர். பிறகு தறியைப் பற்றி இரண்டு கட்டம். முப்பதாவது கட்டம் காலி. முப்பத்தொன்றாவது கட்டம்தான் உயிர். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஏறும் என்றால் 1, ஏறாது என்றால் 2. நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கிற குழியில் தண்ணீர் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும். அதனால் 1 வாங்கிய வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் மனை கொடுப்பதாகத் திட்டம்.

என் பயமெல்லாம் அந்த மெஷினைப் பற்றித்தான். அதற்குப் படிக்கத் தெரியாது, எண்ண மட்டும் தெரியும். பெயர் எங்கே இருக்கிறது என்று தேடாது. எட்டிலிருந்து இருபது கட்டத்தை வெட்டி எடுத்து, இதுதான் பெயர் என்று சொல்லிவிடும். அந்த இடத்தில் நான் கத்தரிக்காய் என்று எழுதியிருந்தால் கத்தரிக்காய்க்கு மனை கிடைக்கும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மெட்ராஸிலிருந்து மாதிரிக்கு வந்த அட்டையைக் குப்புசாமியிடம் காட்டி, இதில்தான் எல்லாம் இருக்கிறதாம் என்றேன். அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அலட்சியமாகச் சொன்னார்:

“ஓட்டை போட்ட அட்டைதானே மா? எங்க தெருவுல தறி மேல இதைத்தான் கட்டித் தொங்கவுட்டுக்கினு இருக்காங்க. அதுலதான் சேலைக்கு அன்னப்பட்சி வருது. உங்களுதுல இன்னா வரும்?”

இருபதுக்கு மேல் இடமில்லை

ஒரு நாள் பெரியவர் ஒருவர் மாடியேறி வந்தார். தம் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். பெயர் காமாட்சிதாச ஏகாம்பர முதலியார். நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஏகாம்பரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே இருபது கட்டமும் தீர்ந்துபோகிறது. அதன் கடைசி எழுத்துக்கும் முதலியாருக்கும் இடமில்லை. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போனவர், கட்டம் முடிந்த இடத்தில் விரலை எடுக்காமல் நின்றார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். யாராவது எதிரில் நின்றால் எனக்குப் பாதி வார்த்தைதான் வரும். “மெஷின்... இருபதுதான்...” என்று ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார், அதுவும் மெஷினுக்காக:

“ஒரு மனுசன் பேரைச் சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குதா அதுக்கு? எங்க வூட்டுல மூணு வயசுப் பொண்ணு முழுசா சொல்லுது.”

கையில் இருந்த பெயர்

ஒரு படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் இல்லாமல் வந்தது. அந்த இடத்தில் குப்புசாமி, “வீட்டம்மா சொல்லவில்லை” என்று எழுதியிருந்தார். பெயர் இல்லாமல் எட்டாவது கட்டத்தைத் தாண்ட முடியாது. இரண்டு பேருமாகப் போனோம். மழை விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. தெரு காய்ந்துவிட்டது, வீட்டுக்குள் காயவில்லை. வீட்டம்மா பெயர் தனலட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். தறிக்குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு அலுமினியக் குண்டானால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை தண்ணீர். தறியில் பாதி நெய்த சேலையைப் பழைய வேட்டியால் மூடி, அதன் மேல் ஒரு பாயும் போட்டிருந்தது. வீட்டுக்காரர், நெய்து முடித்திருந்த வேறொரு சேலையைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார்.

“அவரு பேரை நான் எப்படிம்மா சொல்றது?” என்று தனலட்சுமி சிரித்தார். குப்புசாமி, “சாமி பேரா? ஊரு பேரா?” என்று விடுகதை மாதிரி கேட்டுக்கொண்டே போனார். தலையாட்டலும் சிரிப்பும்தான் வந்தன. கடைசியில் தனலட்சுமி குழியிலிருந்தபடியே இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. கன்னியப்பன். நான் கீழே உட்கார்ந்து, அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். கீழே, தண்ணீர் ஏறுமா என்ற கேள்விக்கு நேராக 1 என்று போட்டேன். அதைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமில்லை. புறப்படும்போது தனலட்சுமி சொன்னார்:

“நல்லாப் பாத்து எழுதிக்கினியா மா? சந்தேகம்னா திரும்பி வா. இது எங்கயும் போவாது, இங்கதான் இருக்கும்.”

சிவப்புப் பென்சில்

மறுநாள் மெட்ராஸிலிருந்து ஒரு தாள் திரும்பி வந்தது. ஒரு வரியில் முப்பத்தொன்றில் போட வேண்டியதை முப்பத்திரண்டில் போட்டிருந்தேன். அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். எங்கள் சூப்பரிண்டெண்ட் அதை என் மேஜையில் வைத்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. போட்டிருந்தால் நான் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். வேலையை நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. அவர் அமைதியாகச் சொன்னது இது:

“பரீட்சையில ஒரு மார்க் போனா உங்களுக்குத்தான் போச்சு. இங்க ஒரு கட்டம் போனா ஒரு வீடு போச்சு.”

ஓரத்தில் ஒரு சுழி

அன்று மாலை ஒரு கெட்டி அட்டையை எடுத்து, சரியாக ஒரு கட்டம் தெரிகிற அளவு அதில் ஓட்டை வெட்டினேன். தாளின் மேல் அதை வைத்து நகர்த்தினால் முப்பத்தொன்றாவது கட்டம் மட்டும் தெரியும். ஒவ்வொரு வரியையும் அப்படிச் சரிபார்த்தேன். அதுவும் போதவில்லை. நான் கணக்குப் பரீட்சையிலிருந்து கடைக்குப் போகும் சாமான் சீட்டு வரை பிள்ளையார் சுழி போடாமல் எழுதினதில்லை. இந்தத் தாளில் மட்டும் போடவில்லையே என்று தோன்றிவிட்டது. மேலே இடமில்லை, விளிம்பு வரை அச்சடித்திருந்தார்கள். அதனால் முதல் வரியில், முதல் கட்டத்துக்கு இடது பக்கம் ஓரத்தில், சின்னதாக ஓர் உ. ஒவ்வொரு தாளிலும்.

அப்படித் தொடங்கிய முதல் தாளின் முதல் வரி கன்னியப்பன். அந்தச் சுழியை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன் என்று நினைவு. குப்புசாமி எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்:

“போடுங்கமா, போடுங்க. கவர்மெண்டுத் தாள்ல அவரு ஒருத்தரு இல்லாததுதான் குறையா இருந்துது.”

முதல் வரிகள்

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் பிரித்துக் கொடுத்த பட்டியல் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே பலகையில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை அது மேலிடத்துக்குப் போகும். போன பிறகு ஒரு பெயரும் சேர்க்க முடியாது. ஆங்கிலப் பட்டியல் என்பதால் குப்புசாமி பலகைக்குப் பக்கத்தில் நின்று படித்துச் சொன்னார். புதன்கிழமை காலை தனலட்சுமி மாடியேறி வந்து என் மேஜைக்கு முன்னால் இடது கையை நீட்டினார். “இந்தப் பேரு இல்லையாமே மா. அக்கம் பக்கத்துல எல்லாருக்கும் வந்துக்கிது.”

நான் தாளை எடுத்தேன். ஓட்டை வெட்டிய அட்டையை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றில் 1, அழகாக, கட்டத்தின் நடுவில். அதே தாளில் மற்ற 1 எல்லாம் பட்டியலில் இருந்தன. அடுத்த தாளை எடுத்தேன். அங்கேயும் முதல் வரியில் 1, பட்டியலில் இல்லை. மூன்றாவது தாள், நான்காவது தாள். எந்தத் தாளை எடுத்தாலும் முதல் வரி மட்டும் காணோம். ஐந்தாவது தாளில் என் கண் முதல் கட்டத்துக்கு இடது பக்கம் போய் நின்றது.

மெட்ராஸில் அதையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஓர் எழுத்து முன்னால் புகுந்ததும் வரி முழுவதும் ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. முப்பத்தொன்று முப்பத்திரண்டாகிவிட்டது. முப்பத்தொன்றில் வந்து உட்கார்ந்தது, காலியாக விட்ட முப்பது. காலிக்கு மனை கிடையாது. தப்பு வரக் கூடாது என்று போட்டதே தப்பாகி, தாளுக்கு ஒரு வீட்டை விழுங்கியிருக்கிறது. தாள்களைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். தனலட்சுமி தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“நீ மெதுவா தேடு மா. அவசரமில்ல. குழியில தண்ணி எறைக்கறதுக்கு அவரு இருக்காரு.”

யார் போட்டது

என் சுழி இருந்த தாள்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. குப்புசாமியிடம் மட்டும் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “மெட்ராஸ்காரங்க தலையில போட்டுடுங்க மா. அடிச்சது அவங்கதானே? உங்களுக்கு இன்னும் எக்ஸ்டென்ஷன் வரணும்” என்றார். பொய்யும் இல்லை. அடித்தது அவர்கள்தான். அதை நான் கொஞ்ச நேரம் ஆசையோடு நினைத்துப் பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் மெட்ராஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் மறுத்துப் பதில் எழுதி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விடும்.

சூப்பரிண்டெண்ட் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அதுவரை அவரிடம் நான் ஒரு முழு வாக்கியம் பேசினதில்லை. தாளை வைத்து, சுழியைக் காட்டி, “முதல் வரி... எல்லாத் தாளிலும்... நான்தான் சார்” என்றேன். அவர் உ-வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் உ-வைப் பார்த்தார். மெட்ராஸில் இருப்பது ஆயிரக்கணக்கான அட்டை. எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு இந்த அறுபத்து மூன்றை யார் தேடுவார்கள்? அதுவும் இரண்டு நாளில்?

“நீங்க ஒத்துக்கிட்டீங்க, சரி. அந்த அட்டைங்க வந்து ஒத்துக்குமா?”

உ இல்லாத மெஷின்

சூப்பரிண்டெண்ட் மெட்ராஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் குப்புசாமியும் கிளம்பினோம். மடியில் அறுபத்து மூன்று தாள். அட்டைகள் வந்து ஒத்துக்குமா என்ற கேள்வியே காதில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் திடுக்கென்று ஒன்று தோன்றியது. ஒத்துக்கொள்ளும். பூந்தமல்லி வரை அதை ஒரு வாக்கியமாக்கி ஒத்திகை பார்த்தேன். நான்கு தடவை மறந்தேன்.

மெட்ராஸ் அலுவலகத்தில், ஓட்டை போடும் பெண் ஸ்டெல்லாவிடம் முதலில் என் தாளைக் காட்டினேன். இது என்னவென்று தெரியாமல் அடித்தீர்களா என்று கேட்டேன். “தெரியாம என்ன, பிள்ளையார் சுழிதானே?” என்றார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது. “எங்க சாமியா இருந்தா விட்டிருப்பேன். உங்க சாமி, நான் எப்படி விடறது? மெஷின்ல உ கிடையாது. பாக்கறதுக்குக் கிட்டத்துல இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டாம் நம்பர் அடிச்சேன்.” எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. மெஷின் அறையின் பொறுப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். நாளைக்குள் முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். குப்புசாமி என்னைப் பார்த்தார். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்தியே சொல்லிவிட்டேன். “வரிசை எண்ணெல்லாம் பூஜ்யத்தில்தான் சார் ஆரம்பிக்கும். முதல் கட்டத்தில் இரண்டு இருக்கிற அட்டை எதுவானாலும் அது தப்பான அட்டை. அதை மட்டும் பிரிக்கச் சொல்லுங்க!”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அட்டைக் கட்டுகளை எடுத்து வரச் சொன்னார். மெஷினில் முதல் கட்டத்தைக் குறி வைத்து ஓட்டினார்கள். அட்டைகள் சரசரவென்று ஓடி ஒரு பக்கம் குவிந்தன. நடுநடுவே ஒன்று மட்டும் பிரிந்து தனிப் பெட்டியில் விழும். ஒவ்வொன்று விழும்போதும் நான் எண்ணினேன். அறுபத்திரண்டில் நின்றது. மெஷினும் நின்றது. ஸ்டெல்லா குனிந்து கட்டின் அடியில் கையை விட்டு, மாட்டிக்கொண்டிருந்த ஓர் அட்டையை இழுத்து எடுத்தார். அறுபத்து மூன்று. சுழியை விட்டுவிட்டு அத்தனையையும் அவரே திரும்ப அடித்தார். சாயங்காலத்துக்குள் புதுப் பட்டியல் கையில். பழைய அட்டைகளை என்னிடம் கொடுக்கும்போது ஸ்டெல்லா சொன்னார்:

“மாட்டி விட்டதும் அவர்தான், காட்டிக் கொடுத்ததும் அவர்தான். நடுவுல ரெண்டு தடவை அடிச்சது மட்டும் நான்.”

சுற்றறிக்கை

வெள்ளிக்கிழமை காலை, புதுப் பட்டியல் பலகைக்குப் போன கையோடு, எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டங்களுக்கு வெளியே எந்தவிதமான குறியும் இடக் கூடாது என்று இருந்தது. என்ன குறி என்று எழுதவில்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட யாருக்குத் துணிச்சல் வரும்? நான் படித்துக் கையெழுத்திட வேண்டும். பேனாவை வைக்கப் போனபோது தாளின் தலையில் என்னவோ தெரிந்தது. சூப்பரிண்டெண்ட் கையெழுத்தில், பளிச்சென்று, ஓர் உ. நான் நிமிர்ந்து பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“இதுல கட்டம் இல்லம்மா. நான் பாத்துட்டுத்தான் போட்டேன்.”

ஏழும் பதினொன்றும்

பட்டியல் மேலிடத்துக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தனலட்சுமி பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் மற்றவர்கள், “என் பேரு பாருப்பா, என் பேரு பாருப்பா” என்று குப்புசாமியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தனலட்சுமி மட்டும் அந்த நெரிசலில் கையை நீட்டிக் காட்ட முடியாமல் ஓரமாக நின்றார். பெயரைச் சொன்னால்தானே கேட்க முடியும்? நான் படியிறங்கிப் போனேன். அவர் கையைப் பிடித்துப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த வரிக்கு நேராக வைத்தேன். “இது அதுதான்” என்றேன். அவர் நம்பவில்லை. போன தடவையும் என்னை நம்பித்தானே இருந்தார்.

அதனால் எண்ணத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவர். ஆனால் ஆயிரக்கணக்கான இழையில் ஓர் இழை அறுந்தாலும் எது என்று விரலால் கண்டுபிடிக்கிறவர். கையில் இருந்த எழுத்துகளை எண்ணினார். ஏழு. பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. மறுபடியும் எண்ணினார், மறுபடியும் பதினொன்று. ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும், கூடுதலாக எழுத்துப் பிடிக்கும் என்றேன். ஒரு நாள்கூட என் குரல் இத்தனை திடமாக வந்ததில்லை. தனலட்சுமியின் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. அவருக்குத் தம் கவலை தீர்ந்ததும் வேறு ஒரு கவலை பிடித்துக்கொண்டது:

“எங்களுது ஏழு வந்துடுச்சு, சரி. மிச்சம் நாலு எழுத்து யாரு வூட்டுது மா? நம்ம வரியில வந்து மாட்டிக்கினு இருக்கப் போவுது, போயி அவங்க பட்டியல்ல இருக்காங்களா பாரு.”

வேலையை மூன்று மாதம் நீட்டித்தார்கள், அதோடு என் பயத்தையும் நீட்டித்தார்கள், பிள்ளையார் சுழியை மட்டும் அன்றிலிருந்து மனத்துக்குள்ளேயே போட்டுக்கொள்கிறேன், அங்கே இதுவரை யாரும் வந்து கட்டம் அச்சடிக்கவில்லை.